‘இல்லை’ என்ற கட்டம்

வாஞ்ஜி இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது அவள் பெட்டியில் துணிமணியைவிடக் காகிதங்கள்தான் அதிகம் இருந்தன. பட்டச் சான்று, மதிப்பெண் பட்டியல், மணிலாவில் வாங்கிய ஆசிரியர் அட்டை, பதினாறு வருஷப் பணிப் பதிவேடு, எல்லாவற்றிலும் மும்மூன்று நகல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏ இந்தாய், நீ பாடம் நடத்த வந்தியா, கேஸ் நடத்த வந்தியா?"

"பேப்பர் இல்லேன்னா இங்க நம்மள மனுஷியாவே மதிக்க மாட்டாங்களாம் மனாங். ஏஜென்சில சொல்லித்தான் அனுப்பினாங்க."

எங்கள் தீவில் வயதில் சின்னவளை இந்தாய் என்போம், பெரியவளை மனாங் என்போம். நான் அவளைவிட ஏழு வயது மூத்தவள். அரிசோனாவின் இந்தப் பாலோ செகோவில் அப்போதே எனக்கு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பள்ளிக்குப் பின்னால் ஒரு ட்ரெய்லர் வீட்டில் தனியாக இருந்தேன். அவள் வந்து இன்னொரு அறையை எடுத்துக்கொண்டாள்.

முழுப்பெயர் இவாஞ்சலின் சுமகைசாய். ஊரில் சான் ரோக்கே உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள். பாலோ செகோவில் நான்கு வருஷமாக அறிவியலுக்கு ஆள் கிடையாது. பிள்ளைகள் கணினித் திரையைப் பார்த்துப் பதில் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் வந்த முதல் வாரமே ஒரு பழைய சைக்கிள் சக்கரத்தையும் சுழல் நாற்காலியையும் வைத்து என்னவோ செய்து காட்டினாள். எப்போதும் பின்பெஞ்சில் தூங்குகிற பையன்கள் எழுந்து முன்னால் வந்து நின்றார்கள் என்று முதல்வரே என்னிடம் சொன்னார்.

ஆனால் பாடம் நடத்தத் தெரிந்தால் மட்டும் போதாது. அவள் கையில் இருந்தது இரண்டு வருஷத் தற்காலிக உரிமம். அதற்குள் நிலையான உரிமம் வாங்கவில்லை என்றால் வேலையும் இல்லை, விசாவும் இல்லை. ஊரில் படித்த ஒவ்வொரு பாடமும் இங்கே எதற்குச் சமம் என்று ஒரு நிறுவனம் எழுதித் தர வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் பட்டியல் முத்திரை உடையாத உறையில் நேராக அவர்களுக்கு வர வேண்டும். பாடத் தேர்வு ஒன்று, அமெரிக்க அரசியல் சாசனத் தேர்வு ஒன்று. நான் மூன்று தடவை எழுதித் தேறிய தேர்வை அவள் ஒரே தடவையில் முடித்தாள். கைரேகைதான் படுத்தியது. பதினாறு வருஷம் சாக்பீஸ் பிடித்த விரலில் ரேகை தேய்ந்துபோய், இயந்திரம் இரண்டு முறை தள்ளிவிட்டது. ஒரு வாரம் இரண்டு கையிலும் எண்ணெய் தடவி உறை மாட்டிக்கொண்டு தூங்கினாள். மூன்றாவது முறை எடுத்துக்கொண்டது.

இரண்டாம் வருஷம் செப்டம்பரில் எல்லாம் முடிந்து விண்ணப்பம் போட்டாள். அக்டோபரில் மாநிலக் கல்வித் துறையிலிருந்து கடிதம் வந்தது. உரிமம் இல்லை. விசாரணை அறிவிப்பு.

அவளுடைய சான்றிதழ்கள் போலி, அவள் நிரந்தர ஆசிரியராக ஒருநாளும் வேலை பார்த்ததில்லை என்று ஒரு புகார் வந்திருக்கிறதாம். விசாரணை முடியும்வரை வகுப்பு எடுக்கக் கூடாது.

பள்ளியில் அவளைத் துரத்தவில்லை. அதுவே பெரிய தயவு என்று நினைத்தார்கள். தண்டனை அறையில் உட்கார வைத்தார்கள். சண்டை போட்ட பிள்ளைகள், செல்போனோடு பிடிபட்ட பிள்ளைகள் நாள் முழுக்க வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிற அறை அது. அங்கே காவல் இருக்க உரிமம் வேண்டாம். மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் சிந்திய பாலைத் துடைக்கிற வேலையும் சேர்ந்துகொண்டது. சக்கரத்தைப் பார்த்து வாயைப் பிளந்த அதே பையன்கள் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டு, "மிஸ், நீங்களும் ஏதாவது தப்பு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார்கள்.

பிப்ரவரியில் அவள் அப்பா இறந்தார். ஊருக்குக் கிளம்ப நின்றவளை வக்கீல் தடுத்தார். விசாரணை நடக்கும்போது நாட்டைவிட்டுப் போனால் திரும்ப உள்ளே விடுவார்கள் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அவள் சம்பளத்தில்தான் தம்பியின் படிப்பும் அம்மாவின் டயாலிசிஸும் ஓடிக்கொண்டிருந்தன. போகவில்லை.

அங்கே காலை ஒன்பது மணி அடக்கம், இங்கே முந்தின நாள் மாலை ஆறு. பள்ளியின் வாகன நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்து போனில் பார்த்தாள். நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். பெட்டியை இறக்குகிற நேரத்தில் படம் உறைந்து நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது மண் போட்டு முடித்திருந்தார்கள். அவள் அழவில்லை. "சிக்னல் போயிடுச்சு மனாங்" என்று மட்டும் சொன்னாள். போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் கடைசியில் புகாருக்கு ஆதாரம் இல்லை என்று கடிதம் வந்தது. கூடவே நிலையான உரிமமும். முதல்வர் கேக் வெட்டினார். வாஞ்ஜி ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மாநிலத் துறைக்கு ஒரு மனு எழுதினாள். இந்த ஊரில் ஒரு வசதி உண்டு. விசாரணை முடிந்துவிட்டால், உன்மேல் வந்த புகாரின் நகலை நீயே கேட்டு வாங்கலாம். புகார் கொடுத்தவர் ரகசியமாக இருக்கட்டும் என்று கேட்டிருந்தாலும், பொய்ப் புகார் என்று முடிவானபிறகு அந்தத் திரை நிற்காது.

மூன்று பக்கம் வந்தது. சான் ரோக்கே பள்ளியின் முத்திரை. கீழே கையெழுத்து: ஹெர்மினியா சோப்ரேவேகா, தலைமையாசிரியை.

"உன் எச்.எம்.மா?" என்றேன்.

"ம்."

"அவளுக்கு உன்மேல என்னடி அப்படி ஒரு காண்டு?"

"நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல இன்டர்வியூ குடுத்தோம் மனாங். இந்த ஊருக்குத்தான். என்னை எடுத்தாங்க, அவங்கள எடுக்கல. நான் கிளம்பற சமயத்துல ஒரு மைக்ரோஸ்கோப் காணோம்னு என்னை ரெண்டு வாரம் அலையவிட்டாங்க. கடைசில அது அவங்க அலமாரிலயே இருந்துச்சு."

"போனைப் போடு. நாலு வார்த்தை நறுக்குனு கேளு. நான் கேக்கட்டுமா?"

"கேட்டா என்ன ஆகும்? அழுவாங்க, இல்ல திட்டுவாங்க. எனக்கு அது வேணாம்." மூன்று பக்கத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தன் காகிதக் கட்டோடு சேர்த்து வைத்தாள். அதற்குப்பின் அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வரவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அடுத்த ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்துக்கு இன்னும் ஆறு பேர் ஊரிலிருந்து வந்தார்கள். வாஞ்ஜி நன்றாக நடத்துகிறாள் என்று அதே ஏஜென்சியின் பழைய பட்டியலைத் திரும்ப எடுத்திருந்தார்கள். வரவேற்பு விருந்தில் ஐம்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க, முடியை இறுக்கிக் கொண்டை போட்ட ஒரு அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வாஞ்ஜியைக் கட்டிப்பிடித்தாள்.

"இவ என் ஸ்கூல் பொண்ணு! நான் வளத்த பொண்ணு!" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

"வாங்க மாம்" என்றாள் வாஞ்ஜி, ஊரில் மேடத்தைக் கூப்பிடுகிற மாதிரியே. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அந்த மூன்று பக்கத்தின் கீழே இருந்த கையெழுத்து இவளுடையதுதான் என்று புரிந்ததும் நான் தட்டோடு நகர்ந்துவிட்டேன்.

சோப்ரேவேகா அம்மாளுக்கு ஏழாம் வகுப்புக் கணக்கு. தான் எழுதிய புகார் மாநிலத் துறையிலேயே தூங்கிக்கொண்டிருக்கும், யார் கைக்கும் வராது என்று நம்பினாள் போல. உலர்ந்த மாம்பழமும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். பேசினால் நேரம் போவதே தெரியாது, அதையும் சொல்ல வேண்டும். கெட்டிக்காரி. வந்த ஒரு மாதத்தில் அவள் வகுப்புச் சுவரெல்லாம் பின்னங்களைப் பற்றிய அட்டைகள், அச்சடித்தது போன்ற கையெழுத்து.

அதே மாதம் சான் ரோக்கே பள்ளியின் எழுத்தர் எலிசியோ வாஞ்ஜியைக் கூப்பிட்டார். கவுன்சிலர் மகனுக்கு முதலிடம் கிடைக்க மதிப்பெண்ணைத் திருத்தினார் என்று தலைமையாசிரியைமேல், முதலிடத்தை இழந்த மாணவியின் பெற்றோர் புகார் கொடுத்திருக்கிறார்கள். மண்டலக் கல்வி அலுவலகத்தில் வழக்கு எண் போட்டாகிவிட்டது. தலைமையாசிரியையும் ஒருமுறை போய்ப் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்குப்பின் மருத்துவ விடுப்பு போட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டார். வாஞ்ஜி போனை ஒலிபெருக்கியில் போட்டு எல்லாவற்றையும் என்னையும் கேட்க வைத்தாள். வழக்கு எண்ணை மட்டும் இரண்டு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த அம்மாள் மடிக்கணினியோடு வந்தாள்.

"இந்தாய், உரிமத்துக்கு ஃபாரம் போடணும். இதுல நீதான் எனக்கு டீச்சர் இப்போ" என்று சிரித்தாள்.

நான் அடுப்பில் எங்கள் ஊர் வினிகர்க் கறியான அடோபோவைக் கிளறிக்கொண்டிருந்தேன். இருவரும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பெயர், பிறந்த தேதி, பட்டம். வாஞ்ஜி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். எந்தப் பக்கத்தை எப்படிப் பிடித்து ஸ்கேன் எடுக்க வேண்டும், கைரேகைக்கு முன்னால் என்ன எண்ணெய் தடவ வேண்டும் என்றுகூடச் சொன்னாள். ஒன்பதாம் கேள்விக்கு வந்தார்கள். எந்த நாட்டிலாவது, எந்தக் கல்வி அதிகாரியிடமாவது, உங்கள்மேல் விசாரணை நிலுவையில் இருக்கிறதா? ஆம், இல்லை, இரண்டு கட்டம்.

சோப்ரேவேகாவின் விரல் நின்றது.

"இதுக்கு என்ன போடறது?"

"எது உண்மையோ அதப் போடுங்க மாம்."

"ஊர்ல சின்னச் சின்னதா ஆயிரம் இருக்கும். அதெல்லாமா இவங்களுக்குத் தெரியப்போகுது?"

"ஆம்னு போட்டா ஒரு விளக்கக் கடிதம் கேப்பாங்க. அவ்வளவுதான். எனக்குத் தெரிஞ்சு ரெண்டு பேர் ஆம்னு போட்டு உரிமம் வாங்கியிருக்காங்க." வாஞ்ஜி திரையைத் தொட்டுக் காட்டினாள். "கீழ படிங்க. பொய் சொன்னா உரிமம் கிடையாதுன்னு போட்டிருக்கு."

நான் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அந்த அம்மாள் ஆம் என்று போட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். போட்டிருந்தால் வாஞ்ஜி கையில் ஒன்றுமே இருந்திருக்காது.

அந்த அம்மாள் ‘இல்லை’ என்ற கட்டத்தைத் தட்டினாள். "தலைவலி எதுக்கு" என்றாள். மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அடோபோவுக்கு இன்னும் கொஞ்சம் வினிகர் வேண்டும் என்று சோப்ரேவேகா சொன்னாள்.

அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டேன். "எப்ப எழுதப்போறே?"

"எதை?"

"நடிக்காதடி."

"பிப்ரவரில" என்றாள். "அப்பா பிப்ரவரிலதான போனாரு."

ஐந்து மாதம் காத்திருந்தாள். என்னால் முடியாது. ஒரு ஆளைப் பிடிக்காது என்றால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அவள் கிறிஸ்துமஸுக்குச் சோப்ரேவேகாவோடு சேர்ந்து தேவாலயத்தில் பாடினாள். அந்த அம்மாளின் காரில் பேட்டரி போனபோது தன் காரிலிருந்து கம்பி கொடுத்துக் கிளப்பினாள். ஜனவரியில் அந்த அம்மாளின் கணவருக்கும் மகளுக்கும் விசா கிடைத்தது. ஜூன் மாதத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டதாக வந்து சொன்னபோது, "நல்ல விஷயம் மாம்" என்றாள் வாஞ்ஜி. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த அம்மாளோடு ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஒருநாள் பொறுக்காமல், "இவ்வளவு வேர் விடவிட்டுப் பிடுங்கணுமா?" என்று கேட்டேன்.

"நானும் வேர் விட்டிருந்தேன் மனாங்" என்றாள்.

பிப்ரவரியில், அடக்கம் நடந்த தேதியில், மாலை ஆறு மணிக்கு மாநிலத் துறைக்குப் புகார் அனுப்பினாள். ஒரே பக்கம். வழக்கு எண், அலுவலகத்தின் பெயர், நாள். ஒரு வசைச்சொல் இல்லை. தன்மேல் வந்த பொய்ப் புகாரைப் பற்றி ஒரு வரி இல்லை. கடைசியில் ஒரு கேள்வி: உங்கள் பெயரைத் தெரிவிக்கலாமா? தெரிவிக்கலாம் என்ற கட்டத்தைத் தட்டிவிட்டு அரிசி களையப் போனாள்.

மார்ச் முதல் வாரம் சோப்ரேவேகாவை வகுப்பிலிருந்து எடுத்தார்கள். தண்டனை அறையில் உட்கார வைத்தார்கள். அதே நாற்காலி. வாஞ்ஜியின் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேறு வழி இருந்தது. அவள் தினமும் அந்த அறையைத் தாண்டித்தான் போனாள். கதவின் கண்ணாடிக்கு நேராக நின்று, "குட் மார்னிங் மாம்" என்று சொல்லிவிட்டுப் போவாள். நான்காம் நாள் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. வாஞ்ஜி தன் பெயரை மறைக்கச் சொல்லாததால், விசாரணை முடியும் முன்பே அன்று புகாரின் நகல் அந்த அம்மாள் கைக்கு வந்திருக்க வேண்டும்.

சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டாள். கொண்டை அவிழ்ந்திருந்தது.

"நீயா பண்ணினே?"

"ஆமா மாம். என் பேர் போட்டிருக்கே."

"பக்கத்துல உக்காந்து ஃபாரம் நிரப்பிக் குடுத்துட்டு, நான் கொண்டாந்த மாம்பழத்தயும் தின்னுட்டு... பாம்புடி நீ!"

வாஞ்ஜி உள்ளே போய்ப் பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். அந்த அம்மாள் முத்திரையைப் பார்த்தாள். கையெழுத்தைப் பார்க்கவேயில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"எப்பத்திலருந்து இது உங்கிட்ட இருக்கு?"

"ஒரு வருஷமாகப் போகுது."

"தெரிஞ்சே என்கூடப் பாட்டு பாடினியா?"

"நீங்க என்னைக் கட்டிப்பிடிச்சீங்கல்ல, அந்த மாதிரிதான்."

சோப்ரேவேகா உறையைத் தள்ளி வைத்தாள். பிறகு, "பொறாமைதான். ஒத்துக்கறேன்" என்றாள். "இருபத்தெட்டு வருஷம் அந்த ஸ்கூல்ல குப்பை கொட்டினேன். எனக்குக் கீழ இருந்தவ நீ. இன்டர்வியூல அந்த வெள்ளக்காரன் ஸ்க்ரீன்ல உன்னைப் பாத்துச் சிரிச்சான், என்னைப் பாத்து நன்றின்னு சொல்லி ஸ்க்ரீன ஆஃப் பண்ணிட்டான். எழுதிட்டேன். அதுக்கென்ன, உனக்கு வேலை திரும்பக் கிடைச்சிடுச்சே! உரிமமும் கிடைச்சிடுச்சே! உனக்கு என்னடி நஷ்டம்?"

வாஞ்ஜியின் குரல் அப்போதும் உயரவில்லை. "எங்கப்பாவ மண்ணுல வச்சப்ப நான் கார்ல உக்காந்திருந்தேன் மாம். போன்ல பாத்தேன். முழுசாக்கூடப் பாக்கல."

அந்த அம்மாளுக்கு அது தெரியாது. முகத்திலேயே தெரிந்தது, உண்மையிலேயே தெரியாது. பிறகு வாஞ்ஜியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜூன்ல என் பொண்ணு வர்றா. அவளுக்கு ஸ்கூல்ல இடம்கூடப் பாத்துட்டேன். வாபஸ் வாங்கிடு இந்தாய். தெரியாம எழுதிட்டேன்னு சொல்லிடு. உன் கால்ல வேணா விழறேன்."

"பொய்யா இருந்தா வாபஸ் வாங்கலாம்" என்றாள் வாஞ்ஜி. "நான் எழுதினதுல எது பொய்னு காட்டுங்க. இப்பவே வாங்கறேன்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாள். சொல்லியிருக்கலாம். நான் அடுப்பை அணைக்கப் போவதுபோல் திரும்பிக்கொண்டேன். அடுப்பு எரியவே இல்லை.

ஏப்ரலில் விசாரணை நடந்தது. மதிப்பெண் திருத்திய விவகாரத்தை இங்கே யாரும் பெரிதாகக் கிளறவில்லையாம். அது ஊரில் முடியட்டும் என்றார்களாம். ஒன்பதாம் கேள்விக்கு ஏன் இல்லை என்று போட்டீர்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். ஆங்கிலம் சரியாகப் புரியவில்லை என்று அவள் பதில் சொன்னாளாம். உரிமம் மறுக்கப்பட்டது, கையிலிருந்த தற்காலிக உரிமமும் ரத்தானது. மே முதல் வாரத்தில் இரண்டு பெட்டியோடு போய்விட்டாள். விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது, "அவ நல்ல டீச்சர். அதுலதான் எனக்கு எரிச்சல்" என்றாள்.

வீட்டுக்கு வந்து இதை வாஞ்ஜியிடம் சொன்னேன். கொஞ்சமாவது கலங்குவாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"இப்ப மனசு ஆறிச்சா?" என்று கேட்டேன்.

"ஆறிச்சு மனாங். நல்லா ஆறிச்சு" என்றாள். பூண்டுச் சோறு இரண்டு தட்டு சாப்பிட்டாள். அன்று அவள் குறட்டைச் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. வந்த நாளிலிருந்து நான் அதைக் கேட்டதே இல்லை.

ஏழாம் வகுப்புக்கு ஆள் இல்லை. மார்ச்சிலிருந்தே பிள்ளைகள் திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளி முடிய மூன்று வாரம் இருக்கையில் முதல்வர் வாஞ்ஜியைக் கூப்பிட்டு, அவளுக்கு ஓய்வாக இருக்கிற ஒரு பாடவேளையில் அந்த வகுப்பை எடுக்க முடியுமா என்று கேட்டார். மறுப்பாள் என்று நினைத்தேன். சரி என்றாள்.

முதல் நாள் நானும் என் வகுப்புப் பையன் ஒருவனை அந்த வகுப்பில் விட வேண்டியிருந்ததால் வாசலில் நின்றேன். சுவர் முழுக்க அந்த அம்மாளின் அட்டைகள். வாஞ்ஜி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே சுற்றி வந்தாள். கிழித்துப் போடுவாள் என்று நினைத்தேன். ஒன்றின் மூலை பிரிந்து தொங்கியது. கட்டை விரலால் அழுத்தி ஒட்டினாள்.

முன்வரிசையில் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். "மிஸ், மிஸஸ் சோப்ரேவேகாவ ஏன் அனுப்பிட்டாங்க?"

"ஃபாரத்தத் தப்பா நிரப்பிட்டாங்க" என்றாள் வாஞ்ஜி.

"அதுக்கா?"

"அதுக்குத்தான். எங்க விட்டாங்க, எந்தப் பக்கம்?"

நூற்றுப் பதினான்கு என்றார்கள். அவள் புத்தகத்தைப் பிரித்தாள்.